அளவு தப்பாத கை

டங்கென்று விழுந்தது டம்ளர். விழுந்த வேகத்தில் ஒரு குதி குதித்து, கட்டிலுக்கு அடியில் உருண்டு, சுவரில் முட்டிக்கொண்டுதான் நின்றது.

கட்டிலில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் தன் வலது கையையே வெறித்துப் பார்த்தான். யாரோ தன் மடியில் மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

"பாத்தியா பாப்பா? ஒரு டம்ளர் நிக்க மாட்டேங்குது இந்தக் கையில. நீ ஹாஸ்டலுக்குப் போறேங்குற."

மகள் பாவம், அதிகமாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. நர்சிங் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, வருகிற திங்கட்கிழமை வெளியூர் போய்ச் சேர வேண்டும், சேராவிட்டால் இடம் அடுத்தவளுக்குப் போய்விடும் என்றாள். அவ்வளவுதான். அதற்குள் டம்ளர் விழுந்துவிட்டது.

அவளுடைய அம்மா பழந்துணியோடு வந்து குனிந்தாள். கோழி வெட்டும் கம்பெனியில் அவள் றெக்கை அறுக்கிறவள். அங்கே எல்லோருக்கும் அவள் றெக்கைக்காரி. துடைத்து முடித்தபோது துணியின் ஒரு மூலைகூட நனைந்திருக்கவில்லை. டீ குடித்து முடித்த பிறகுதான் இந்த வீட்டில் டம்ளர் விழும் என்பது அவளுக்குப் புதிய விஷயமும் இல்லை. விழுந்ததற்கு ஒரு மனிதனைச் சந்தேகப்பட முடியுமா? கார் ஜாக்கி வழுக்கி அந்தக் கை சக்கரத்துக்கு அடியில் மாட்டியதையும், பூசணிக்காய் மாதிரி வீங்கியதையும் கண்ணால் பார்த்தவள் அவள். கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்தார்கள். எலும்பு கூடிவிட்டது என்றார்கள். பலம் மட்டும் திரும்பி வரவில்லை.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. பிசியோதெரபி பெண். தெருவில் எல்லோரும் பிசியோ பொண்ணு என்றுதான் சொல்வார்கள். வயது இருபத்தைந்துக்குள். வரும்போதே சிரித்துக்கொண்டு வருவாள், யாருக்காவது வலிக்கப் போகிறது என்றால் இன்னும் கொஞ்சம் சிரிப்பாள்.

"சார், இன்னிக்கு உங்களுக்கு ஒரு புது சாமான் கொண்டாந்திருக்கேன்."

பையிலிருந்து எடுத்தாள். சைக்கிள் பிரேக்கைக் கழற்றி ஒரு சின்னப் பெட்டியில் பொருத்தியது மாதிரி ஒரு கைப்பிடி. பெட்டியில் கைக்கடிகார அளவுக்கு ஒரு திரை.

"உள்ள சென்சார் இருக்கு. நீங்க எவ்வளவு பலமா அமுக்குறீங்களோ அதைக் கிலோ கணக்குல காட்டும். சனிக்கிழமை வரைக்கும் இங்கயே இருக்கட்டும். காலைல, சாயங்காலம் அமுக்கணும். நம்பர் தானா என் போனுக்கு வந்துரும்."

"அமுக்கி?"

"டாக்டர் சொல்லிட்டாரு சார். பத்துக்கு மேல போச்சுன்னா நீங்களே சாப்பிடலாம், சட்டை போட்டுக்கலாம், கூட ஆள் வேணாம். பத்துக்குக் கீழன்னா இன்னும் கொஞ்ச மாசம் பகல்ல ஒருத்தர் கூடவே இருக்கணும்."

பகலில் இருக்கிற ஒருத்தர் யார் என்று யாரும் கேட்கவில்லை. மகள் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய திங்கட்கிழமை அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

மெக்கானிக் வாங்கினான். கண்ணை இறுக்கினான். கழுத்து நரம்பு புடைத்தது, உதடு கோணியது, நெற்றியில் வேர்வை பொடித்தது. பிரசவ வலியில்கூட றெக்கைக்காரி அந்த முகத்தைக் காட்டியதில்லை. பீப் என்றது பெட்டி.

ஆறு.

"இன்னொரு தடவை சார்."

மறுபடி அதே கழுத்து, அதே உதடு. ஆறு.

"பரவால்ல சார். முயற்சி பண்றீங்க பாருங்க, அதான் முக்கியம்."

அவன் தலையணையில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: "ஒரு காலத்துல இந்தக் கை லாரி டயர் நட்டைக் கழட்டுச்சும்மா."

*

கம்பெனியின் உள்ளே எப்போதும் குளிர். தரை எப்போதும் ஈரம். கொக்கியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கோழிகள் வரிசையாக வரும். முதலில் கழுத்து, பிறகு குடல், பிறகு றெக்கை. றெக்கைக்காரி இடது கையால் கோழியைப் பிடித்து, மூட்டைத் திருப்பி, வலது கையால் ஒரே இழுப்பு. கத்தி எலும்பில் படக் கூடாது. பட்டால் முனை மழுங்கும், மேஸ்திரி முகமும் மாறும்.

அந்த நாற்றத்தைப் பற்றி வெளியாட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்பார்கள். வெந்நீரில் ஊறிய இறகு, பித்தம், ரத்தம், பினாயில் எல்லாம் கலந்து ஒன்று. அவளுக்கு அது நாற்றமாகவே தெரியாது. குடல் கையில் சுற்றிக்கொண்டால் உதறிவிட்டு வேலையைப் பார்ப்பாள். அருவருப்பு என்கிற பாஷையே அந்தக் கைக்குத் தெரியாது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள், கட்டில்காரனுக்குச் சோறு ஊட்ட ஆரம்பிக்கிற வரைக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் கழுத்துக்காரி. கழுத்து அறுக்கிறவள், வாயும் அதே வேலைதான் செய்யும்.

"என்னடி, உன் வீட்டு ராசா கையில மெஷின் குடுத்திருக்காங்களாமே."

"ஆமா. ஆறு கிலோதான் வருது."

"ஆறு கிலோவா? என் பேரன் என் முடியப் பிடிச்சு இழுத்தா அதுக்கு மேல வரும். அது சரி, நான் ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. போனது வலது கை. இடது கை என்ன, லீவுல போயிருக்கா?"

"கேட்டேன். இடது கைல சாப்பிட்டா சோறு இறங்கலையாம்."

"அடியம்மா! தொண்டைக்கு எந்தக் கையில வருதுன்னு எப்படித் தெரியும்?"

றெக்கைக்காரிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே டப்பா மூடியைத் திருகினாள். மூடி திரும்பவில்லை. மறுபடி திருகினாள். கட்டை விரலும் அடுத்த இரண்டு விரலும் வேறு யாருடையதோ போல மரத்துக் கிடந்தன. கொஞ்ச நாளாகவே இப்படித்தான். காலையில் கத்தி கைநழுவி விழுந்தது, நல்ல வேளை காலில் படவில்லை.

கழுத்துக்காரி டப்பாவைப் பிடுங்கித் திறந்து கொடுத்தாள். "உன் கையக் காட்டு. எத்தனை நாளா இது?"

"குளிருக்கு அப்படி இருக்கும்."

"குளிரு எனக்கும்தான். போய் டாக்டர்ட்ட காட்டு."

"வீட்டுக்கு ஒரு நோயாளி போதும்டி."

*

வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் மூக்கைச் சுளித்தான். தினமும் நடக்கிற சடங்கு.

"குளிச்சிட்டு வந்து கிட்ட நில்லு. கோழி நாத்தம் குடலைப் புடுங்குது."

அந்தக் கோழி நாற்றம்தான் இந்த வீட்டில் அடுப்பு எரிய வைக்கிறது என்று சொல்ல நாக்கு வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்தாள். தட்டில் சோற்றையும் பருப்பையும் பிசைந்தாள். பகலில் மகள் ஊட்டுவாள், சாயங்காலம் இவள்.

வாயைத் திறந்தான். திறப்பதென்றால் சும்மா இல்லை, கூட்டுக் குஞ்சு மாதிரி தலையை அண்ணாந்து, நாக்கைக் கொஞ்சம் வெளியே நீட்டி. நாக்கில் மதியச் சோற்றின் மிச்சம் வெள்ளையாக ஒட்டியிருந்தது. உருண்டையை வைத்தாள். விரல் வெளியே வருவதற்குள் உதடு மூடிவிட்டது. ஈரமான, வெதுவெதுப்பான அந்த உதடு அவள் விரல் நுனியைச் சப்பிவிட்டுத்தான் விட்டது. முதுகுத்தண்டில் எறும்பு ஏறியது அவளுக்கு. எத்தனையோ ஆயிரம் கோழியின் ரத்தத்திலும் குடலிலும் புரண்ட கை அது. ஒரு மனிதனின் வாய்க்குள் போய்விட்டு வர முடியவில்லை.

"உப்புக் கம்மி," என்றான், மென்றுகொண்டே. "மோவாய்ல ஒழுகுது பாரு, தொடை."

துடைத்தாள். தாடி முள்ளில் பருப்பு சிக்கியிருந்தது. நகத்தால் எடுத்தாள்.

அந்த நேரத்தில் வந்து சேர்ந்தாள் நாத்தனார். மெக்கானிக்கின் அக்கா. அடுத்த தெருவில் தனியாக இருந்தாள். தம்பியைப் பார்க்கத் தினமும் வருவாள். ஆனால் ஒரு வாய் ஊட்டியதில்லை. "எனக்கு முட்டி வலி," என்பாள். ஊட்டுவதற்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர் யாரும் இல்லை.

"என்ன, பொண்ணு ஹாஸ்டலுக்குப் போறாளாமே?"

"இன்னும் முடிவாகல அண்ணி. மெஷின்ல நம்பர் ஏறுதான்னு பாக்கணும்."

"நம்பர் ஏறுனா என்ன, ஏறாட்டி என்ன? பெத்த அப்பனைப் போட்டுட்டுப் போய் ஊரான் வீட்டு நோயாளிக்கு ஊசி போடப் படிக்கப் போறாளா? நல்லாருக்கே நியாயம்."

மகள் அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அத்தை, நீங்க பகல்ல வந்து இருந்தீங்கன்னா..."

"எனக்கு முட்டி வலி. நீ பேச்சை மாத்தாத." நாத்தனார் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். இனி வருவது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். "எங்கம்மாவைப் பத்தி உனக்குத் தெரியுமா? எங்கப்பாவுக்கு ரெண்டு காலும் வராம போச்சு. பதினோரு வருஷம். பதினோரு வருஷமும் எங்கம்மா இடுப்புல தூக்கிக்கிட்டுப் போய்க் குளிப்பாட்டினா. ஒரு நாள் மூஞ்சியச் சுளிச்சதில்ல. கடைசில வீடு தீப்பிடிச்சப்ப, புருஷன் உள்ள கெடக்காரேன்னு தீக்குள்ள புகுந்து உயிரை விட்டா. அவ பொம்பள."

"தாத்தா எப்படி அத்தை தப்பிச்சாரு?"

நாத்தனார் முந்தானையைச் சரிசெய்தாள். "எப்படியோ தப்பிச்சாரு. அதுவா இப்ப முக்கியம்?"

"அம்மா மாதிரி வருமாக்கா," என்றான் மெக்கானிக், வாயில் சோற்றோடு. கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. அதையும் றெக்கைக்காரிதான் துடைத்தாள்.

*

நாலாவது நாள் மகள்தான் சந்தேகப்பட்டாள். அப்பாவை அல்ல, பெட்டியை.

"அம்மா, இது ரிப்பேர் போல. எப்ப அமுக்கினாலும் ஆறுதான் காட்டுது. காலைலயும் ஆறு, சாயங்காலமும் ஆறு. பிசியோ அக்காவும் போன் பண்ணாங்க. நம்பர் அப்படியே மாட்டிக்கிச்சான்னு தெரியல, வீட்டுல வேற யாரையாவது அமுக்கச் சொல்லிப் பாருங்கன்னாங்க."

மெக்கானிக் தூங்கிக்கொண்டிருந்தான். மத்தியானத் தூக்கம், குறட்டை சமையலறை வரைக்கும் வந்தது. அன்று கம்பெனிக்கு வார விடுமுறை. வெயில் தகரக் கூரையைப் பிளந்துகொண்டிருந்தது.

மகள் அமுக்கினாள். இருபத்திரண்டு. இன்னொரு தடவை: இருபத்து நாலு. இன்னொன்று: இருபது. "நல்லாத்தான் இருக்கு. மாறி மாறித்தான் வருது."

நாத்தனாரும் இருந்தாள். கையை நீட்டினாள். "குடு பாப்போம்." பதினாலு, பதினேழு, பன்னிரண்டு. "பரவால்ல, முட்டிதான் போச்சு, கை இருக்கு," என்று திருப்திப்பட்டுக்கொண்டாள்.

"அம்மா, நீ. கோழி வெட்டுற கை, முப்பதைத் தாண்டும் பாரு."

றெக்கைக்காரி அமுக்கினாள். பீப். பதினொன்று. சரியாகப் பிடிக்கவில்லை போல என்று மாற்றிப் பிடித்தாள். எட்டு. மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள். பதிமூன்று. நாலாவது தடவை விரல் வழுக்கியது. ஏழு.

மகள் அம்மாவின் கையைத் தன் கையில் எடுத்துப் பார்த்தாள். கட்டை விரலுக்குக் கீழே சதை வற்றிப் போயிருந்தது.

"என்னம்மா இது? ஏன் சொல்லவே இல்ல?"

"சொல்ல என்ன இருக்கு? விடு." கையை இழுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள்.

அங்கே அவன் படுக்கை விரிப்பு ஊறிக்கொண்டிருந்தது. எடுத்துப் பிழிந்தாள். தண்ணீர் வடியவில்லை, விரிப்பு கனத்துக் கிடந்தது. பிழியப் பிழிய அவள் மனதில் அந்தப் பெட்டிதான் பீப் பீப் என்றது. பதினொன்று, எட்டு, பதிமூன்று, ஏழு. பலம் போன கை இப்படித்தான் தடுமாறும். நல்ல கையும் அப்படித்தான். மகளுக்கு இருபதும் வருகிறது, இருபத்து நாலும் வருகிறது. எந்தக் கைக்கு எப்போதும் ஒரே நம்பர் வரும்?

ஈர விரிப்பு கையில் இருக்க அப்படியே நின்றுவிட்டாள்.

கல்யாணமான புதிதில் ஒர்க்ஷாப்புக்கு அவனுக்குச் சாப்பாடு கொண்டு போவாள். அங்கே ஒரு வேடிக்கை நடக்கும். நட்டு முறுக்குகிற அளவைக் காட்டும் மீட்டர் ஸ்பானர் ஒன்று வாங்கியிருந்தார்கள். மற்றவர்கள் மீட்டரைப் பார்த்து முறுக்குவார்கள். இவன் கண்ணை மூடிக்கொண்டு முறுக்குவான். "நாப்பது!" என்று ஒருத்தன் கத்துவான், முள் நாற்பதில் நிற்கும். "அறுவது!" அறுபதில் நிற்கும். ஒரு மயிரிழை தப்பாது. "அளவு கையில இருக்குடா, மீட்டர்ல இல்ல," என்று அவன் சட்டைக் காலரைத் தூக்கிவிடுவான். அந்தக் காலரைப் பார்த்துத்தான் அவளும் ஒரு காலத்தில் சொக்கிப் போனாள்.

தினமும் ஆறு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

துணி துவைக்கும் கல்லைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தாள். ஒன்றும் வரவில்லை, கசப்புத் தண்ணீர் மட்டும். பித்தப்பை உடைந்த கோழியின் நாற்றம் முதல் தடவையாக அவளுக்கு நாற்றமாகத் தெரிந்தது. அது அவள் கையிலிருந்து வரவில்லை. அந்த விரிப்பிலிருந்து வந்தது.

*

கேட்டுவிடலாம்தான். கேட்டால் என்ன நடக்கும்? ஒரு டம்ளர் விழும். அக்கா ஓடி வருவாள், அவள் கதையில் அவர்களுடைய அம்மா மறுபடி தீக்குள் புகுவாள். ஆக, அவள் ஒன்றும் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு சனிக்கிழமை வரைக்கும் ஊட்டினாள். ஒவ்வொரு உருண்டைக்கும் விரலை அந்த உதடு சப்பியது. ஒவ்வொரு தடவையும் சேலையில் விரலைத் துடைத்தாள்.

சனிக்கிழமை பெட்டியைத் திரும்ப வாங்க பிசியோ பொண்ணு வந்தாள். நாத்தனார் முன்பே வந்து நாற்காலியைப் பிடித்திருந்தாள். மகள் கதவோரம் நின்றாள். முகத்தில் ஏற்கெனவே திங்கட்கிழமை செத்துப் போயிருந்தது.

"எல்லாமே ஆறுதான் சார். டாக்டர்ட்ட பேசினேன். இன்னும் கொஞ்ச நாள் கூட ஆள் இருக்கட்டும்னு..."

"என்னம்மா பண்றது? தலையெழுத்து," என்றான் மெக்கானிக். மகளைப் பார்த்து, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் பாப்பா. படிப்பு எங்க ஓடிப் போகுது?"

நல்ல மனநிலையில் இருந்தான். மதியம் இரண்டு முட்டை அவித்து ஊட்டியிருந்தாள் றெக்கைக்காரி. அவன் கேட்கவே இல்லை; இவளாகவே செய்தாள். இப்போது கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, பெட்டியை எடுத்து அவன் கையில் வைத்தாள். சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து வெகு காலம் ஆனதால் அவனும் சிரித்தான்.

"பிசியோ பொண்ணுக்குத் தெரியாது. இவரு ஒர்க்ஷாப்ல எப்படின்னு அண்ணிக்குத் தெரியும். கண்ணை மூடிட்டு முறுக்குவாரு, சொன்ன அளவுல நிக்கும். மீட்டரே இவர்ட்ட வந்து கத்துக்கிட்டுப் போவும்."

"ஆமாமா, என் தம்பிக்கு அது ஒரு வரம்," என்றாள் நாத்தனார்.

"நெசமாவா சார்?"

"ஏதோ அந்தக் காலத்துல," என்று அவன் இழுத்தான். காலர் இல்லாத பனியனில் கை தானாகக் கழுத்துப் பக்கம் போனது. இடது கை.

"இப்ப எங்க?" என்றாள் றெக்கைக்காரி பெருமூச்சோடு. "கை போன மாதிரி அளவும் போயிருக்கும். ஒரு மூணு அமுக்கச் சொன்னா முடியுமா இவரால?"

"மூணு என்னடி பெரிய மூணு?"

"கண்ணை மூடுங்க பாப்போம்."

மூடினான். பீப். மூன்று.

"ஆஹா!" என்று கை தட்டினாள் பிசியோ பொண்ணு.

"பாத்தியா? பலம் போனாலும் அளவு போகல." அவன் முகத்தில் ஒர்க்ஷாப் வெளிச்சம் வந்துவிட்டது. கண்ணைத் திறக்கவே இல்லை. "இன்னொண்ணு சொல்லு."

"அஞ்சு."

பீப். ஐந்து.

"ரெண்டு."

இரண்டு. நாத்தனார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "அடேங்கப்பா!"

"நாலு." அவள் குரல் வேகமெடுத்தது. ஒர்க்ஷாப் பையன்கள் கத்துகிற அதே தாளம். "ஆறு. மூணு. அஞ்சு. பதினெட்டு!"

பீப்.

கை முந்திக்கொண்டது. மூளை ஒரு நொடி தாமதமாக வந்து சேர்ந்தது. கண்ணைத் திறந்தான். திரையில் பதினெட்டு நின்றது. ஒரு மயிரிழை தப்பவில்லை.

பிசியோ பொண்ணின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, இல்லாமல் போயிற்று.

அவன் கைப்பிடியைக் கீழே போட்டான். "மெஷின்ல ஏதோ கோளாறு."

"இல்ல... முட்டை சாப்பிட்டதுல திடீர்னு ஒரு தெம்பு..." அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா சுவரைப் பார்த்தாள். "முதல்ல நெசமாவே வலிச்சுதுடி. சத்தியமா. உசுரு போற வலி."

"தெரியும்," என்றாள் றெக்கைக்காரி. "எப்ப நின்னுச்சு?"

"அது... கொஞ்சம் கொஞ்சமா..."

"எப்பங்க நின்னுச்சு?"

"மழைக்கு முன்னாடி," என்றான் தரையைப் பார்த்து.

மழைக்கு முன்னாடி. அந்த மழையில் கூரைத் தகரம் பிய்த்துக்கொண்டது. அவளும் மகளும் கொட்டுகிற மழையில் மேலே ஏறினார்கள். மகளின் கால் வழுக்கி, முட்டி கிழிந்து, ரத்தம் தண்ணீரோடு ஓடியது. இவன் கட்டிலில் படுத்துக்கொண்டு, போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டு, "இடது பக்கம் இழு, இடது பக்கம்," என்று வழி சொன்னான். போர்வையை இழுத்தது எந்தக் கை என்று அன்று யார் பார்த்தார்கள்?

"பன்னெண்டு வயசுல ஸ்பானர் பிடிச்சேன்," என்றான். குரல் குழைந்தது. "ஒரு நாள் ஒருத்தரும் சாப்பிட்டியான்னு கேட்டதில்ல. கை போனப்பதான் எல்லாரும் சுத்தி நின்னீங்க. நீ வாய்ல வெச்சு ஊட்டுனப்ப... என்னமோ நல்லா இருந்துச்சு. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..."

"பாப்பாவை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னீங்களே. அதுவும் நல்லா இருந்துச்சா?"

அவன் வாயைத் திறந்தான். அண்ணாந்த அதே வாய். நாக்கில் முட்டையின் மஞ்சள் பொடி. அவளால் பார்க்க முடியவில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டுக் கழுவினாள், மறுபடி போட்டுக் கழுவினாள். விரல் மரத்துக் கிடந்ததால் தண்ணீர் பட்டதுகூடத் தெரியவில்லை. ஆனாலும் அந்த உதட்டின் ஈரம் மட்டும் நுனியில் அப்படியே இருந்தது.

பிசியோ பொண்ணு பின்னாலேயே வந்து, தயங்கி, அவள் வலது கையைப் பிடித்தாள். "அக்கா, நீங்க அமுக்கின நம்பரும் என் போனுக்கு வந்துச்சு. யாருன்னு தெரியாம இருந்தேன். திங்கக்கிழமை நீங்க டாக்டரைப் பாக்க வரணும். இதை விடக் கூடாது."

"திங்கக்கிழமை முடியாதும்மா. பொண்ணைக் கொண்டுபோய் விடணும். செவ்வாய்க்கிழமை வர்றேன்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது.

திரும்பி உள்ளே வந்தாள். தட்டில் சோற்றைப் போட்டாள், பருப்பை ஊற்றினாள், கட்டிலில் அவன் முன்னால் வைத்தாள். சாயங்காலச் சாப்பாடு, கொஞ்சம் சீக்கிரம்தான். பிசையவில்லை. பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை, விளிம்பு வரைக்கும் நிரப்பி வைத்தாள்.

"இது விழுந்துச்சுன்னா," என்றாள், "நீங்களே தொடைச்சுக்கோங்க."

அவன் தட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கடைசியாக, எப்போதும் கை கொடுக்கிற இடத்தைப் பார்த்தான். "அக்கா, நீயாவது சொல்லேன். பொம்பளப் புள்ளய வெளியூருக்கு..."

மகளும் அத்தையைப் பார்த்தாள். ஊசியைப் பற்றியும் நியாயத்தைப் பற்றியும் தீயைப் பற்றியும் வரப்போகிற பேச்சுக்காக அவள் தோள்கள் முன்கூட்டியே குறுகின.

நாத்தனார் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. வாயில் ஏதோ கசப்பானதை வைத்துக்கொண்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் பல காலம் இருந்தவள் மாதிரி இருந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கட்டிலுக்கு அடியில் கிடந்த மகளின் துணிப்பெட்டியைத் தானே குனிந்து வெளியே இழுத்தாள். தூசியை முந்தானையால் தட்டினாள்.

"துணிய எடுத்து வை பாப்பா," என்றாள் நாத்தனார். "எங்கப்பா உள்ள கெடக்காருன்னு எங்கம்மா தீக்குள்ள ஓடுனப்ப, அவரு தெருவுல என் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தாரு... தன் கால்லயே நடந்து வந்து."